காலி இருக்கைக்கு வரி

காரில் காலியாக இருக்கும் ஒவ்வொரு இருக்கைக்கும் வரி கட்டினால்தான் அண்ணா சாலைக்குள் நுழைய முடியும். அதனால் குமரவேள் ஆபீசுக்குப் போகும்போது அப்பாவையும் ஏற்றிக்கொள்வான். மாலைவரை அவர் பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்திருப்பார். வரி விஷயத்தை அவன் அவரிடம் சொன்னதில்லை. மகன் வெளியே கூட்டிப்போகிறான் என்று அவர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நிற்பார்.

இன்று கார் ஜன்னல் திறந்திருந்தது. நுழைவாயில் ஒலிபெருக்கி அறிவித்தது: “ஓட்டுநருடன் ஒருவர். மீதி மூன்று இருக்கைக்கு மட்டும் வரி.”

குமரவேள் திரும்பாமல் சாலையையே பார்த்து ஓட்டினான்.

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார்.

“பின்னாடி சீட்டெல்லாம் காலியாத்தானேப்பா இருக்கு. நாளைக்கு மாடி வீட்டு சிதம்பரத்தையும் கூப்பிடட்டுமா? அவரு பையனும் அவர எங்கயும் கூட்டிட்டுப் போறதில்ல.”