பீரங்கி வாய்

“சார், இன்னிக்கு ஒரு நாளாவது சமையல்காரர் மேல கத்தாம இருங்க, ப்ளீஸ்!”

கேப்டன் கிட்டத்தட்ட கெஞ்சினாள். ஜெனரலிடம் உதவி அதிகாரியாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் அவர் போடும் சத்தத்தில் அவளுக்கே தலைவலி வந்துவிட்டது. முகாமில் அவருக்குப் பட்டப்பெயரே ‘பீரங்கி வாய்’தான்.

“ஏன், கத்தினா என்ன?”

“சாப்பிட வர்றது பாதுகாப்புத் துறைச் செயலாளர், சார். தலைமைத் தளபதி பதவிக்கு அவர் யாரைக் கை காட்டுறாரோ, அவங்கதான். வேலைக்காரங்களை மரியாதையில்லாம நடத்துறீங்கன்னு ஏற்கெனவே உங்க மேல புகார் போயிருக்கு.”

“போகட்டும். எப்பவும் போலத்தான் கத்துவேன்.”

இரண்டு போர் பார்த்தவர். நெஞ்சு நிறையப் பதக்கம். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அதையும் வாயாலேயே கெடுத்துக்கொள்வாரா ஒரு மனுஷன்?

கெடுத்துக்கொண்டார்.

செயலாளர் சூப்பை ஒரு வாய்தான் உறிஞ்சியிருப்பார்.

“யோவ்! உப்பைக் கொண்டா!”

ஜெனரல் போட்ட சத்தத்தில் செயலாளரின் கரண்டி எகிறி, சூப் சட்டையெல்லாம் தெறித்தது.

“எதுக்கு இவ்வளவு சத்தம்? மெதுவா சொன்னா ஆகாதா?”

“இது என் வீடு. நான் இப்படித்தான் கூப்பிடுவேன்.”

“ஒரு சமையல்காரரையே மனுஷனா மதிக்கத் தெரியாதவரை நம்பி, ராணுவத்தை எப்படி ஒப்படைக்கிறது?”

“ஒப்படைக்க வேண்டாம்.”

செயலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் கார் கிளம்பிப் போயிற்று. கூடவே பதவியும்.

கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க பண்றது அநியாயம், சார். என்னைத் தூக்கி எங்கே போட்டாலும் சரி, யார் கேட்டாலும் நானே சாட்சி சொல்வேன்!”

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, சமையல்காரருக்கு ஆறுதல் சொல்ல விறுவிறுவென்று உள்ளே போனாள்.

அவர் முதுகைக் காட்டியபடி தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க.”

அவர் திரும்பவில்லை.

“அண்ணே!”

ம்ஹூம். பக்கத்து அடுப்பில் குக்கர் விசில் மேல் விசிலடித்து வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்குத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்த ஜெனரல் அடுப்பை அணைத்தார்.

“சார்... இவருக்குக் காது...?” கேப்டன் இழுத்தாள்.

“விசிலெல்லாம் கேக்காது. நான் போடுற மாதிரி கத்தினாத்தான் கேக்கும். அது வெளியே தெரிஞ்சா, மறுநாளே பட்டாளத்தை விட்டு அனுப்பிடுவாங்க. போறதுக்கு அவருக்கு வீடு வாசல், ஒரு நாதி கிடையாது. நான் கத்துறவன்னு எல்லாரும் நினைக்கிற வரைக்கும், அவர் காதைப் பத்தி எவனும் யோசிக்க மாட்டான்.”

“அதுக்காகத் தளபதி பதவியையே விடணுமா, சார்?”

ஜெனரல் அன்றைக்கு முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

“பதுங்குகுழியில எங்க பக்கத்துலயே குண்டு விழுந்தப்போ, அவரோட ரெண்டு கையும் என் காதைத்தான் பொத்திக்கிட்டு இருந்துச்சு.”