என்ன சைஸ் வேணும்?

"ஊர் ஊராச் சுத்தி ஆயிரம் படம் எடுத்தேன். எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க," என்றார் புகைப்படக்காரர் பெருமையாக.

ஸ்டுடியோ சுவரில் பரிசு வாங்கிய படம். ஒற்றையடிப் பாதையில் தனியாக ஏழு வயதுச் சிறுமி. தலையில் நீளமான விறகுக் கட்டு. அதன் மறுமுனை சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

வந்தவள் படத்தையே முறைத்தாள். "பச்சைப் புள்ள தலையில இவ்வளவு பாரமா?"

"பெத்தவ கல்நெஞ்சக்காரிம்மா! படம் பேப்பர்ல வந்ததும் அதிகாரிங்க போய்ப் புள்ளையை மீட்டு விடுதியில சேர்த்துட்டாங்க."

"எனக்கு ஒண்ணு வேணும்."

"தாராளமா! என்ன சைஸ்?"

"நீங்க வெட்டுறதுக்கு முன்னாடி இருந்த சைஸ்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"என் முகம் ஞாபகம் இல்லல்ல? கட்டோட மறுமுனையைத் தாங்கிட்டு வந்தது நான்தான்யா! 'நானும் தூக்குறேம்மா'ன்னு அவ ஆசைக்குத் தலையைக் குடுத்தா. என்னை வெட்டி எறிஞ்சுட்டு, வாய் கூசாம கல்நெஞ்சக்காரிங்கிறியே! எடு அந்த முழுப் படத்தை. அதைக் காட்டினாத்தான் என் பொண்ணை அனுப்புவாங்களாம்!"