அடீனியத்தின் இடுப்பு

மொட்டைமாடி மண்தொட்டியில் வளர்ந்த அடீனியச் செடிக்கு அடித்தண்டு பூசணிக்காய் போலப் பருத்துவிட்டது. மழையில்லாத நாளுக்கென்று அது சேர்த்துவைத்த தண்ணீர்தான் அத்தனையும்.

"தொட்டியண்ணே, நெருக்குதா?"

"இல்ல தங்கச்சி, கிச்சுக்கிச்சு மூட்டுது! நீ இன்னும் பருத்துக்கோ!"

குலுங்கிக் குலுங்கிச் சிரித்த தொட்டி, படாரென்று பிளந்து நொறுங்கியது.

"ஐயோ, நான் மெலிஞ்சே இருந்திருக்கலாமே!" என்று செடி அழுதது.

வீட்டுக்காரி பிலோமினா பெரிய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். தண்ணீர் வடியும் துளையை மண் அடைக்காதபடி, உடைந்த சில்லு ஒன்றை அதன்மேல் கவிழ்த்துவைத்து, மண் போட்டுச் செடியை நட்டாள்.

அடியிலிருந்து பழைய குரல் கேட்டது. "தங்கச்சி, நான்தான்! சீக்கிரம் பருத்துக்கோ. இந்தப் புதுத் தொட்டி எப்படிச் சிரிக்குதுன்னு உள்ளே இருந்து பார்க்கணும்!"

மறுவாரம் செடி ஒரே நாளில் ஏழு பூ பூத்தது.