வளையம் வைத்த கத்தி

கடைக்காரி இரண்டு கத்திகளையும் கண்ணாடி மேசைமேல் பக்கம்பக்கமாக வைத்தாள்.

உட்கார ஏதாவது கிடக்கிறதா என்று நோயெல் முதலில் பார்த்தாள். இல்லை. விடியுமுன் எழுந்து மாடு கறந்துவிட்டுச் சந்தை முழுக்கக் கூடையோடு அலைந்த கால்கள். மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டாள்.

"யாருக்கும்மா?"

"மாமனாருக்கு."

"குடுக்கிறப்போ அவர்கிட்ட ஒரு காசு வாங்கிக்குங்க. கத்தியைச் சும்மா குடுத்தா உறவு அறுந்துரும்னு சொல்லுவாங்க."

"அறுந்தா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்" என்றாள் நோயெல். கடைக்காரி சிரித்தாள். நோயெல் சிரிக்கவில்லை.

ஒன்று பழைய மாதிரி. மாட்டுக்கொம்புப் பிடி, பூட்டு கிடையாது, மடக்கினால் டக்கென்று மூடிக்கொள்ளும். அந்தப் பக்கத்து ஆண்கள் கால்சட்டைப் பையில் எல்லாம் இதுதான் கிடக்கும். மற்றது மரப்பிடி. அலகின் கழுத்தில் ஓர் இரும்பு வளையம். அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். மறுபடி திருகி விடுவித்தால்தான் மடங்கும்.

மாமனார் ஃபிர்மேனிடம் இருந்தது கொம்புப் பிடி. எண்பதைத் தாண்டிய விரல்களில் நடுக்கம். போன வாரம் ரொட்டி அறுக்கையில் கத்தி மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது, அலகும் உடைந்தது. தையல் போட்ட டாக்டர், பூட்டு வைத்தது நல்லது என்றார். கிழவர், செத்தாலும் பழைய மாதிரிதான் என்றார். நோயெலின் கணவன் ஜில்பேர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, "நீதான் சந்தைக்குப் போறியே, நீயே பாத்து ஒண்ணு வாங்கிட்டு வா" என்று நழுவிக்கொண்டான்.

நோயெல் கொம்புப் பிடியை எடுத்து மடக்கினாள். டக்.

அந்தச் சத்தம் கேட்டதும் கை தன்னாலே தட்டுகளை அடுக்கப் பரபரத்தது.

"அப்படி அடிச்சு மூடக் கூடாதும்மா, கூர் மழுங்கிடும்."

"எங்க மாமனார் அப்படித்தான் மூடுவாரு."

மேட்டுநிலத்துப் பண்ணைகளில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குப் பெரியவர் கத்தியைத் திறந்தால் சாப்பாடு ஆரம்பம், மூடினால் முடிந்தது. மற்ற வீடுகளில் அது எப்போதோ மலையேறிவிட்டது. ஃபிர்மேன் வீட்டில் இன்னும் சட்டம். டக் என்றதும் மகன், பேரன்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். தட்டில் மீந்தது மீந்ததுதான்.

பரிமாறுகிறவள் கடைசியில்தானே உட்கார முடியும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாடைக்கட்டி போட்டுக் கிண்டிய உருளைக்கிழங்கு மசியல். தோள்பட்டை கழலக் கிண்டினால்தான் நூல்நூலாக இழுபடும். எல்லோருக்கும் வைத்து, ரொட்டி எடுத்துவந்து, ஒயின் ஊற்றி, தன் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு உட்காருவாள். முதல் வாய்.

டக்.

பிறகு அடுப்படியில் நின்றபடி தின்னும்போது அது ஆறி ரப்பராகியிருக்கும். வாழ வந்த நாளிலிருந்து இதே கதை. கோபித்துப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். இப்போது இரண்டுக்கும் தெம்பில்லை. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு, உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

மரப்பிடியை எடுத்தாள். அலகைத் திறந்து வளையத்தைத் திருகினாள். மாடு கறக்கிற கட்டைவிரலுக்கே அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது.

"பத்திரம்னு பாத்தா இதுதான் பத்திரம்" என்றாள் கடைக்காரி. "ஆனா திருக விரல்ல வலு வேணும். அவரால முடியுமா?"

"நானே திறந்து பூட்டிக் குடுத்துடுவேன்."

"சரி, மூடுறது?"

நோயெல் வளையத்தை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தாள்.

தன்னால் மூட முடியாத கத்தியை மகனிடம் நீட்டமாட்டார். கத்தியை ஜில்பேர் கையில் கொடுப்பதும் பண்ணையை எழுதிக் கொடுப்பதும் கிழவருக்கு ஒன்றுதான். காலையில் தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறவளிடம்தான் நீட்டுவார். அவள் வாயில் மசியல் இருக்கும். நீட்டிய கை நீட்டியபடி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கடைக்காரி அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி, எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள்.

"புதுசுல இறுக்கமாத்தான் இருக்கும். ஒரு சொட்டு விட்டுத் தரேன், அவரே திருப்பிடுவாரு."

"எண்ணெய் வேண்டாம்" என்றாள் நோயெல். சற்று வேகமாகவே சொல்லிவிட்டாள்.

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். கூடையில் துணி சுற்றிய பாலாடைக்கட்டியைப் பார்த்தாள், மேசையில் சாய்ந்திருந்த உடம்பைப் பார்த்தாள்.

"மேட்டு ஊரா?"

"ஆமா."

"நானும் அங்கதான் வாக்கப்பட்டுப் போனேன்."

எண்ணெய்ப் புட்டியை மூடி ஓரமாக வைத்தாள். கையிலிருந்த கத்தியைப் பெட்டியில் திரும்பப் போட்டாள். குனிந்து அடி இழுப்பறையில் நெடுநேரம் துழாவி, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்து நோயெலின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இன்னும் இறுக்கம்" என்றாள்.