டச்சஸின் பூட்டு

"மெர்வின்! உங்க பாம்பு என் வாஷிங் மெஷின் பின்னாடி படுத்திருக்கு. துணி துவைக்க வந்திருக்கா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு மெர்வின் ரிட்டயரான பஸ் டிரைவர். இப்ஸ்விச் ஊரில் எங்கள் தெருவில் லைசென்ஸ் வாங்கி மலைப்பாம்பு வளர்க்கும் ஒரே மனுஷர். அதற்கு டச்சஸ் என்று பெயர் வேறு.

தலையணை உறையோடு வந்தார். பாம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா... நம்ம டச்சஸ்தான். மன்னிச்சுக்குங்க, மோரீன்."

"கூண்டுல பூட்டு எதுக்கு, அழகுக்கா? என் வீட்டைப் பாருங்க. குடிவந்து நாலு வருஷம், ஒரு எலி எட்டிப் பார்த்ததில்ல. ஏன்? சுத்தம்! எதையும் மூடி வைக்கிற ஒழுங்கு!"

"வாஸ்தவம்தான்" என்றார்.

பாம்பை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டவர், தன் வீட்டுக்குப் போகாமல் ஓடைப் பக்கம் நடந்தார். நான் விட்ட டோஸில் கிழவருக்கு வீட்டு வழியே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே லைசென்ஸ் ஆபீசுக்குப் புகார் எழுதினேன். கன்னியாஸ்திரீகள் பிரம்படி கொடுத்து வளர்த்த கையெழுத்து. முத்து முத்தாக இரண்டு பக்கம். போய்ச் சேர்ந்தால் டச்சஸைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். செய்யட்டுமே!

பூட்டின் லட்சணத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாமென்று மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன்.

கண்ணாடிக் கூண்டு. மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. உள்ளே டச்சஸ், வெள்ளை முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

"நேத்து ஊர் சுத்திட்டு வந்து, அதுக்குள்ள முட்டையா?"

"சேச்சே, முட்டையிட்டு மூணு வாரமாச்சு. விட்டு ஒரு அங்குலம் நகர..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ என் வீட்டுக்கு வந்தது யாரு?"

மெர்வின் தலையைச் சொறிந்தார்.

"அது காட்டு மலைப்பாம்பு, மோரீன். நீங்க குடிவர்றதுக்கு முன்னாடியிருந்தே உங்க கூரைக்குள்ளதான் இருந்துச்சு. சாயங்காலத்துல ஓட்டுச் சந்துல நுழையறதைப் பார்ப்பேன். உங்க வீட்டுக்காரர் சுரங்க வேலைக்குப் போனா ரெண்டு வாரம் தனியா இருக்கீங்க. தலைக்கு மேல பாம்புன்னா தூங்குவீங்களா? அதான் என்னுதுன்னு சொல்லிட்டேன். ஓடைப் பக்கம் விட்டாச்சு, பயப்படாதீங்க."

புகாரை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரமாக என் கூரையில் எலிகள் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. சுத்தத்தைப் பற்றி நான் இப்போது யாரிடமும் வாயைத் திறப்பதில்லை.