முகமும் பேரும்

தன் பாஸ்புக்கைத் திருடி, தன் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டு மச்சான் மதுரைவீரன் எடுத்த முந்நூறு ரூபாயை வங்கிதான் தரவேண்டும் என்று மனுப் போட்டிருந்தார் கன்னியப்பன். வீட்டுக்கு ஓடு போடச் சேர்த்த பணம்.

அம்பத்தூர் கிளைக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி ஜானகிராமன் உதட்டைப் பிதுக்கினார். “பாஸ்புக், கையெழுத்து ரெண்டும் சரியா இருந்திருக்கு. வங்கி என்ன செய்யும்?”

“நான்தான் கன்னியப்பன்னு எவன் சொன்னாலும் துட்டத் தூக்கிக் குடுத்துர்றதா சார்?”

“தினம் நூறு பேர் வர்றாங்க. எல்லார் முகமும் காசாளருக்குத் தெரியுமாய்யா?”

“என் மூஞ்சி தெரியாம இன்னா சார்? ஆறு வருசமா அவருக்கு டீ வாங்கியாந்து குடுக்குற இந்த பேங்க் பியூன் சார் நானு!”

பக்கத்தில் நின்ற காசாளர் பரந்தாமன் நெளிந்தார். “இவர் பேரு கன்னியப்பன்னு எனக்குத் தெரியாது சார்.”

ஜானகிராமன் வாய்விட்டுச் சிரித்தார். “இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? கன்னியப்பனுக்கு முந்நூறு ரூபாய் எடுத்து வைங்க!”