அரை நொடித் தாமதம்

“நான் இப்பத் திருப்புறேன். வண்டி எப்பத் திரும்புதுன்னு நீயே பாரு தம்பி.”

திரையில் சிவப்புக் கார் வளைவைத் தாண்டிப் போய்த் தடுப்பில் மோதி நின்றது. நெட் இணைப்பைச் சரிபார்க்க வந்தவன் தலையைச் சொறிந்தான்.

“கேம் உங்க வீட்ல ஓடல சார். எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுது, இங்க படம் மட்டும்தான் வருது. நீங்க அமுக்குறது அங்க போய்ட்டுத் திரும்பி வரணும். ஆனா உங்க லைன் சுத்தமா இருக்கு. இவ்வளவு லேட்டாகாது.”

“அப்ப என் கைதான் லேட்டா?”

“அப்படி நான் சொல்லல சார்,” என்று பையை மாட்டிக்கொண்டு அவன் நழுவினான்.

கேட்டவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தபோது பிரேக்கில் கால் போய்ச் சேரச் சற்றே பிந்தியது. மயிரிழையில் தப்பினார்கள். மனைவிக்கு மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இந்தக் கார் பந்தயம்தான். ஆட ஆட மோதல். நெட்டைத் திட்டுவார், எழுந்து வாசல் வரை போவார், போன வேகத்தில் திரும்பி வந்து மறுபடி உட்காருவார்.

“பழைய கேம் டிஸ்க் எதுவும் மிச்சம் இருக்கா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எல்லா கேமும் க்ளவுடுங்கிற மேகத்துல இருக்கு, இனிமே டிஸ்க்கை எவன் வாங்குவான், தூக்கிப் போடுன்னு குதிச்சது யாரு?” என்றாள் மனைவி. ஆனாலும் பழைய கேம் மெஷினும் டிஸ்க்கும் இருந்த ஒரு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். “நான்தான் ஒளிச்சு வச்சேன். வாங்கின பொருள் நம்ம கையில இருக்கட்டும்னு.”

“சீக்கிரம் மாட்டு. இதுல நெட்டும் கிடையாது, மேகமும் கிடையாது. நானும் என் கையும்தான். உண்மை தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா?”

“கை சரியா இருந்தா நாளைக்கு வண்டி எடுப்பேன். இல்லன்னா சாவியைக் குடுத்துருவேன்.”

அவள் டிவிக்குப் பின்னால் குனிந்து தூசியோடு மல்லுக்கட்டினாள். மெஷினுக்குள் டிஸ்க் கரகரவென்று சுழன்றது. வயர் வைத்த அந்தப் பழைய கன்ட்ரோலரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

கார் கிளம்பியது. முதல் வளைவு. அவர் நினைக்கும் முன்பே வண்டி திரும்பிவிட்டது. அடுத்த வளைவிலும் அப்படியே. கடலோரச் சாலையில் ஒரு பறவையின் நிழல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கின. நாள் கணக்காக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே பெருமூச்சாக வெளியே வந்தது.

“பாத்தியா? கைக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் அந்த நெட்டு பண்ண வேலை. நாளைக்கு முதல் ஆளாப் போய் வண்டி எடுக்கிறேன்.”

டிவிக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்தாள். எட்டித் திரையைப் பார்த்தாள். அவர் முகத்தில் வந்திருந்த சிரிப்பைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

“யாரும் ஆடாதப்ப கேமே தானா ஓடிக் காட்டுறதுங்க இது. உங்க கன்ட்ரோலர் வயர் இன்னும் சொருகாம என் கையிலதான் இருக்கு.”